வள்ளல் பச்சையப்பர்

சென்னைக்கு வடக்கே, கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்துள்ள ஊர் மீஞ்சூர். ஏகாம்பரநாதருக்கும் வரதராசருக்கும் அங்குக் கோயில்கள் உண்டு. அதனால் அவ்வூரை வடகாஞ்சி என்றும் மக்கள் சிறப்பித்துக் கூறுவர். மீஞ்சூருக்கு மேற்கே, அதே திருவள்ளூர் மாவட்டத்தில், ஆரணியாற்றின் கரையில் பெரியபாளையம் என்னும் ஊர் இருக்கிறது. ஆடித் திங்களில் பவானியம்மன் கோயிலுக்குத் திரளும் மக்கள் கூட்டத்தால் அவ்வூரின் பெயரை அறியாதார் இல்லை. ஆனால் தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றில் நிலைத்த இடம் பெற்ற ஒரு வள்ளலின் குழந்தைப் பருவமும் அவ்வூரிலேயே தொடங்கியது என்பதைப் பலர் அறியார். அவ்வள்ளலே பச்சையப்ப முதலியார்.

பொருள் ஈட்டியவர் பலர். ஈட்டிய பொருளை ஈந்தவர் சிலர். தாம் மறைந்த பின்னும் தம் பொருள் பிறர்க்குப் பயன்பட வேண்டும் என்று எண்ணி, அதற்கு முறையாக வழிவகுத்து வைத்தவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவராகிய பச்சையப்பர் வாழ்ந்தது நாற்பது ஆண்டுகளே. அவர் மறைந்து இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆகியும் அவர் பெயரைச் சொல்லாத நாள் சென்னையில் இல்லை.

பிறப்பும் இளமையும்

பச்சையப்பரின் முன்னோர் காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவர். தந்தையார் விசுவநாத முதலியார், தாயார் பூச்சியம்மாள். இவர்களுக்குப் பெண்மக்கள் இருவர் பிறந்திருந்தனர். மூன்றாம் மகவைப் பூச்சியம்மாள் கருவுற்றிருந்தபோது விசுவநாத முதலியார் காலமானார். கையில் பொருள் இல்லை, தாங்குவார் இல்லை, இரு சிறுமியர் ஒருபுறம், பிறவாத குழந்தை ஒருபுறம். அந்நிலையில் அவ்வம்மையார் பெரியபாளையத்தில் இருந்த ரெட்டிராயர் என்னும் குடும்ப நண்பரை நாடிச் சென்றார். ஆர்க்காட்டு நவாபின் ஆட்சியில் அலுவல் பார்த்து வந்த அவர், நண்பரின் குடும்பத்தைத் தம் குடும்பம்போலக் கருதிப் புகலிடம் அளித்தார். 1754ஆம் ஆண்டில் பச்சையப்பர் பிறந்தார்.

தந்தையின் முகத்தைக் காணாத அக்குழந்தைக்கு ரெட்டிராயரே தந்தை நிலையில் இருந்து வந்தார். ஆனால் அந்த நிழலும் நெடுநாள் நிலைக்கவில்லை. பச்சையப்பருக்கு ஐந்து வயது ஆகும்போது ரெட்டிராயரும் மறைந்தார். பூச்சியம்மாள் மீண்டும் ஆதரவற்றவரானார். பிறந்தது முதல் ஐந்து ஆண்டுக்குள் இருமுறை நிழல் இழந்த குடும்பம் அது.

அக்காலம் நாட்டில் அமைதி நிலவிய காலமும் அன்று. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கருநாடகச் சீமையில் மேலாண்மைக்காகப் போரிட்டு வந்தனர். 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுப் படைத்தலைவர் லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். படைகள் சென்ற வழியெல்லாம் ஊர்கள் பாழாயின. உழவர் விதைத்ததை அறுப்பார் யார் என்பது உறுதியில்லை. நெசவாளர் தறியில் இட்ட பாவு ஆடையாகும் என்பதும் உறுதியில்லை. இத்தகைய நாளில் தாய் ஒருவர் மூன்று குழந்தைகளோடு பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்தார் என்றால், அவருடைய நெஞ்சுரம் எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சென்னையில், கோட்டைக்கு வடக்கே, இன்று ஜார்ஜ் டவுன் என வழங்கும் பகுதியில் அக்குடும்பம் குடியேறியது. அங்கே செல்வாக்கோடு வாழ்ந்து வந்த நாராயண பிள்ளை என்னும் துபாஷி அவர்களுக்கு உதவ முன்வந்தார். சிறுவனிடம் காணப்பட்ட கூர்மையையும் அடக்கத்தையும் கண்டு, அவனைத் தம்மோடு வைத்துக்கொண்டு தொழில் பழக்கினார். பச்சையப்பரின் வாழ்வில் இது பெருந்திருப்பமாயிற்று. முன்பின் அறியாத ஒரு பிள்ளைக்கு அவர் காட்டிய பரிவு, பின்னாளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குக் கல்வியாக மலர்ந்தது.

துபாஷித் தொழில்

துபாஷி என்னும் சொல்லுக்கு இரு மொழி அறிந்தவர் என்பது பொருள். கடல் கடந்து வந்த ஐரோப்பிய வணிகர்க்கு நாட்டு மொழி தெரியாது. நாட்டு மக்களுக்கு அவர் மொழி தெரியாது. இருவர்க்கும் இடையே நின்று பேசுவார் ஒருவர் தேவைப்பட்டார். அவரே துபாஷி. ஆயினும் அவர் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். இன்ன ஊரில் இன்ன சரக்குக் கிடைக்கும், அதன் விலை இவ்வளவு, இன்னார் நாணயமானவர், இன்னாருக்கு முன்பணம் கொடுக்கலாம் என்பவற்றையெல்லாம் அறிந்து சொல்பவரும் அவரே. தேவைப்பட்டபோது தம் கைப்பொருளைக் கடனாகக் கொடுப்பவரும், பிறர்க்காகப் பிணை நிற்பவரும் அவரே.

அந்நாளில் சென்னையிலிருந்து ஏற்றுமதியான சரக்குகளுள் தலைமையானது பருத்தி ஆடை. நெசவாளர்க்கு முன்பணம் கொடுத்து, குறித்த காலத்தில் ஆடைகளைப் பெற்று, அவற்றைத் தரம் பிரித்து, வெளுத்து, கட்டுகளாகக் கட்டிக் கப்பலேற்றுதல் வேண்டும். நெசவாளர், தரகர், வண்ணார், படகோட்டி, கும்பினி அலுவலர் எனப் பலர் கைமாறிச் செல்லும் அவ்வாணிகத்தில் ஒருவர் சொல் தவறினாலும் அனைவர்க்கும் இழப்பு நேரும். ஆகவே அத்தொழிலில் பணத்தைவிட நாணயமே பெரிய முதலாக இருந்தது.

இந்த நாணயத்தைப் பச்சையப்பர் இளமையிலேயே தேடிக்கொண்டார். கணக்கெழுதுதல், சரக்கின் தரம் அறிதல், ஆங்கிலேயரோடு உரையாடுதல் ஆகியவற்றை நாராயண பிள்ளையிடம் இருந்து கற்றார். ஆங்கிலப் பள்ளி ஒன்றில் முறையாகப் பயிலும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. கடைவீதியும் பண்டசாலையுமே அவருக்குப் பள்ளிகளாயின. பதினாறு வயதுக்குள் தாமே கொள்வனவு செய்யும் திறமை பெற்றார். இருபது வயதைக் கடந்த சில ஆண்டுகளிலேயே சென்னை வணிகர் நடுவே மதிக்கத்தக்கவராக விளங்கினார். பின்னர்ச் சல்லிவன் என்னும் ஆங்கில அலுவலருக்குத் துபாஷியாக அமர்ந்தார். அதனால் அவருடைய செல்வாக்கும் செல்வமும் மேலும் வளர்ந்தன.

துபாஷிகளைப் பற்றி அக்காலத்து மக்கள் எல்லாரும் ஒருமனதாக நல்லதே சொன்னார்கள் என்பதற்கில்லை. அவருள் பலர் கும்பினிக்கும் நவாபுக்கும் வட்டிக்குப் பணம் கொடுத்தனர். நிலவரி வசூலைக் குத்தகைக்கு எடுத்தனர். குத்தகைக்காரர் கை ஓங்கிய இடங்களில் உழவர் துன்புற்றதும் உண்டு. பெரும்பொருள் விரைவாகச் சேர்ந்த தொழில் அது. ஆதலால் பொருள்மேல் ஆசையும் விரைவாகப் பெருகக்கூடிய தொழிலாக இருந்தது. அத்தொழிலில் இருந்தவர் பலர் மாளிகை கட்டினர், பல்லக்கு ஏறினர், வழக்காடினர், மறைந்தனர். அவர்களுடைய செல்வம் இரண்டு தலைமுறைக்குள் கரைந்து போயிற்று. பச்சையப்பரும் அதே கடைவீதியில் அதே தொழிலைச் செய்தவர்தாம். ஈட்டிய பொருள் யாருக்குரியது என்னும் கேள்விக்கு அவர் கண்ட விடையே அவரைப் பிறரிடமிருந்து வேறுபடுத்தியது.

வாழ்வும் கொடையும்

செல்வம் பெருகிய பின்னர்ப் பச்சையப்பர் கூவம் ஆற்றின் கரையில் உள்ள கோமளீசுவரன்பேட்டையில் குடியிருந்தார். நாள்தோறும் காலையில் ஆற்றில் நீராடி, கோமளீசுவரரை வழிபட்ட பின்னரே அலுவலைத் தொடங்குவார் என்று சொல்லப்படுகிறது. இன்று அவ்வாற்றைக் காண்போர்க்கு அது வியப்பாகத் தோன்றலாம். அந்நாளில் கூவம் தெளிந்த நீரோடு ஓடியது; அதில் மக்கள் நீராடினர்; படகுகள் சென்றன.

வறுமையை நூல்களில் படித்து அறிந்தவர் அல்லர் பச்சையப்பர். பிறர் வீட்டு நிழலில் வளர்ந்தவர் அவர். உதவி செய்வாரை நோக்கி நிற்கும் தாயின் முகம் எப்படியிருக்கும் என்பதைக் குழந்தைப் பருவத்திலேயே கண்டவர். அதனால் தம்மை நாடி வந்தவர்க்கு இல்லை என்று சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை. வருவாயில் ஒரு பகுதியை அறத்துக்கென ஒதுக்கி வந்தார் என்பர்.

அவர் நடுவயதை எட்டிய காலத்தில் நாடு மீண்டும் போரால் கலங்கியது. 1780ஆம் ஆண்டில் ஐதர் அலியின் படை கருநாடகத்துள் புகுந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஆங்கிலப் படை பெருந்தோல்வி அடைந்தது. பச்சையப்பரின் முன்னோர் வாழ்ந்த காஞ்சிச் சீமை பாழ்பட்டது. போரைத் தொடர்ந்து பஞ்சமும் வந்தது. ஊர்ப்புறங்களிலிருந்து பசியோடு வந்த மக்கள் சென்னைத் தெருக்களை நிறைத்தனர். அவர்களுக்குக் கஞ்சி வார்ப்பதற்காக 1782ஆம் ஆண்டில் வடசென்னையில் தோன்றிய கஞ்சித் தொட்டியே பின்னர் மணியக்காரர் சத்திரம் எனப் பெயர் பெற்றது. பசியாற்றுதலே தலையாய அறம் என்னும் எண்ணம் அந்தத் தலைமுறையினர் உள்ளத்தில் ஆழப் பதிந்திருந்ததற்கு அவர்கள் கண்ணால் கண்ட காட்சிகளே காரணமாகும்.

கோயில் திருப்பணிகளிலும் பச்சையப்பர் ஈடுபாடு கொண்டிருந்தார். சிதம்பரத்தில் கூத்தப்பெருமான் கோயிலின் கீழைக் கோபுரத் திருப்பணியில் அவர் குடும்பத்தார் பங்கு கொண்டனர். அக்கோபுரத்தில் அவருடைய உருவமும் அவர் மனைவியாரின் உருவமும் சிற்பமாக அமைக்கப்பட்டுள்ளன. அவர் தம் தமக்கையின் மகளை மணந்திருந்தார்; பின்னர் இரண்டாம் மனைவியையும் மணந்தார். ஆயினும் தமக்குப் பின் குடும்பப் பொருளை ஏற்று நடத்த அவருக்கு ஆண்மகன் இல்லை.

தஞ்சையில்

பச்சையப்பரின் தொழில் நாளடைவில் சோழநாட்டுக்கும் பரவியது. தஞ்சையை அப்போது மராட்டிய மன்னர் ஆண்டு வந்தனர். அவர்கள் ஆங்கிலக் கும்பினிக்கு ஆண்டுதோறும் பெருந்தொகை செலுத்தக் கடமைப்பட்டிருந்தனர். தவணை தவறினால் அரசுரிமைக்கே இடையூறு நேரும். ஆதலால் அவர்கள் செல்வரிடம் கடன் பெற்றுத் தவணையைச் செலுத்துவது வழக்கமாயிற்று. 1787ஆம் ஆண்டில் அரியணை ஏறிய அமர்சிங் மன்னர் காலத்தில் பச்சையப்பர் தஞ்சை அரசோடு இத்தகைய பணத்தொடர்பு கொண்டு, அப்பகுதியிலேயே மிகுதியாகத் தங்கலானார். அவருடைய செல்வம் அக்காலத்தில் உச்சநிலையை அடைந்தது.

செல்வம் உயர்ந்தபோது உடல் தளர்ந்தது. நாற்பது வயதை எட்டும் முன்னரே நோய் அவரைப் பற்றிக்கொண்டது. கும்பகோணத்தில் தங்கியிருந்தபோது நோய் முற்றியது. இனிப் பிழைத்தல் அரிது என்பதை அவர் உணர்ந்தார்.

மரண சாசனம்

அந்த வேளையில் பச்சையப்பரின் முன் இருந்த வினா எளியது அன்று. பெரும்பொருள் இருக்கிறது, அதை ஆளும் மகன் இல்லை. தாம் கண் மூடினால் சுற்றத்தார் பங்கு கேட்டு வழக்காடுவர் என்பதை, வணிகராகிய அவர் அறியாதிருக்க முடியாது. தம் வாழ்நாளில் எத்தனையோ செல்வர் குடும்பங்கள் அவ்வாறு சிதைந்ததை அவர் கண்டிருப்பார். வாய்ச்சொல்லாகத் தம் விருப்பத்தைச் சொல்லிச் சென்றால் அது காற்றோடு போய்விடும். ஆகவே அதை எழுத்தில் அமைக்கத் துணிந்தார்.

1794ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாள் பச்சையப்பர் தம் மரண சாசனத்தை எழுதுவித்தார். உயில் எழுதும் வழக்கம் அந்நாளில் இந்துக்களிடையே அரிது. ஒருவர் மறைந்தபின் அவர் பொருள் பிள்ளைகளுக்கும் சுற்றத்தாருக்கும் சேர்வதே மரபாக இருந்தது. அவ்வாறிருக்க, தம் பொருளின் பெரும்பகுதியை அறத்துக்கென்றே எழுதிவைத்தது புதுமையான செயலாகும். கோயில்களில் வழிபாடு தடையின்றி நடைபெறுதல், ஏழைகளுக்கு உணவளித்தல் முதலிய அறங்களுக்கு அவர் தம் பொருளை உரிமையாக்கினார். தம்மை ஆளாக்கிய நாராயண பிள்ளையிடமே அப்பொறுப்பை ஒப்படைத்தார். இளமையில் கைகொடுத்த பெரியவரையே இறுதியிலும் அவர் நம்பினார்.

பின்னர் அவர் காவிரிக்கரையில் உள்ள திருவையாற்றுக்குக் கொண்டு செல்லப்பட்டார். சாசனம் எழுதிய ஒன்பதாம் நாள், 1794 மார்ச்சு 31ஆம் நாள், அத்திருத்தலத்தில் அவர் ஆவி பிரிந்தது.

அறம் வழக்கில் சிக்குதல்

வள்ளல் மறைந்தார், ஆவணம் நின்றது. ஆனால் ஆவணம் மட்டும் அறத்தைச் செய்துவிடாது. அதை நிறைவேற்றுவோரும் வேண்டும். பச்சையப்பர் அஞ்சியது அவர் மறைந்த பின்னர் அப்படியே நிகழ்ந்தது. குடும்பத்தாரிடையே பொருளைப் பற்றிய பூசல் எழுந்தது. வழக்கு மன்றத்துக்குச் சென்றது.

அக்காலத்தில் சென்னையின் நீதிமன்றங்களே மாறிக்கொண்டிருந்தன. பழைய மேயர் நீதிமன்றம் 1798ஆம் ஆண்டில் மறைந்து, ரெக்கார்டர் நீதிமன்றம் ஏற்பட்டது. மூன்றாண்டுகளில் அதுவும் போய், 1801ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் நிறுவப்பட்டது. நீதிபதிகள் மாறினர், வழக்காடியவர் மூப்படைந்தனர், சிலர் மறைந்தனர். ஆண்டுகள் உருண்டன. ஏழைகளுக்கென வைத்த பொருள் ஏழைகளைச் சென்று சேரவில்லை. ஒரு தலைமுறை கடந்து மறுதலைமுறையும் வந்தது. பச்சையப்பரின் அறம் ஏட்டளவிலேயே முடிந்துவிடுமோ என்னும் நிலை ஏற்பட்டது.

இந்நிலையில் அரசாங்கத்தின் தலைமை வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் என்னும் ஆங்கிலேயர் இதில் கருத்துச் செலுத்தினார். பொது அறத்துக்கென வைக்கப்பட்ட பொருள் தனியார் கையில் தேங்கிக் கிடத்தல் கூடாது என்பது அவர் கொள்கை. அவருடைய முயற்சியாலும் சென்னைப் பெருமக்கள் சிலருடைய ஒத்துழைப்பாலும் அறப்பொருள் மீட்கப்பட்டது. அதை ஆளுவதற்கு நாட்டவரைக் கொண்ட அறங்காவலர் குழுவும் அமைந்தது.

சாசனத்தில் கண்ட அறங்களுக்குரிய தொகை ஓர் இலட்சம் வராகன். ஒரு வராகன் மூன்றரை ரூபாய்க்கு ஒப்பானது. ஆகவே அது மூன்றரை இலட்சம் ரூபாய் ஆகும். வழக்கு நடந்த நீண்ட காலத்தில் வட்டி சேர்ந்து அறப்பொருள் பெரிதும் வளர்ந்திருந்தது. கோயில் வழிபாட்டுக்கும் அன்னம் பாலிப்புக்கும் வேண்டிய தொகையை ஒதுக்கிய பின்னும் பெருந்தொகை எஞ்சியது. அதை என்ன செய்வது என்னும் வினா எழுந்தது. நாட்டு இளைஞர்க்குக் கல்வி அளிப்பதற்கு அதனைப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்யப்பட்டது. நீதிமன்றமும் அதற்கு இசைந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டாகத் தடைப்பட்டிருந்த அறம், காலம் கடந்தாலும், முன்னிலும் பெரிய உருவத்தோடு வெளிப்பட்டது.

கல்விச்சாலை எழுதல்

1842ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் சென்னைப் பிராட்வேயில் பச்சையப்பர் பெயரால் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. இன்று பள்ளிகள் தெருத்தோறும் இருப்பதால் அந்நாளின் அருமை நமக்கு எளிதில் விளங்காது. சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது 1857ஆம் ஆண்டில். இப்பள்ளி அதற்குப் பதினைந்து ஆண்டு மூத்தது. புதிய கல்வியை அளித்த பள்ளிகள் அந்நாளில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றுள் பெரும்பாலானவை கிறித்தவச் சமயத் தொண்டர் நடத்தியவை; மற்றவை அரசாங்கம் நடத்தியவை. நாட்டவர் ஒருவர் பொருளைக் கொண்டு, நாட்டவரே அறங்காவலராக இருந்து நடத்திய கல்விச்சாலை என்பது தென்னாட்டுக்குப் புதியது.

பள்ளி வளர்ந்தது, இடம் போதவில்லை. கோட்டைக்கு எதிரே உள்ள சைனா பசார் சாலையில், இன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை என வழங்குமிடத்தில், புதிய மண்டபம் எழுப்பத் திட்டமிட்டனர். 1846ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஜார்ஜ் நார்ட்டன் அதற்கு அடிக்கல் நாட்டினார். கிரேக்க நாட்டில் ஏதென்சு நகரத்திலுள்ள தீசியசு கோயிலை ஒப்ப, உயர்ந்த தூண்களோடு அம்மண்டபம் எழுந்தது. 1850ஆம் ஆண்டில் அப்போதைய ஆளுநர் சர் ஹென்றி பாட்டிஞ்சர் அதனைத் திறந்து வைத்தார். பெரியபாளையத்தில் பிறர் வீட்டில் வளர்ந்த ஏழைச் சிறுவனின் பெயர், சென்னையின் நெற்றியில் எழுதப்பட்டது போல் அம்மண்டபத்தில் விளங்கியது.

சென்னையோடு பணி நிற்கவில்லை. பச்சையப்பரின் முன்னோர் ஊராகிய காஞ்சிபுரத்திலும், அவர் போற்றிய சிதம்பரத்திலும் பள்ளிகள் தோன்றின. சென்னைப் பள்ளி 1889ஆம் ஆண்டில் பட்டப்படிப்பு வரை உயர்ந்த கல்லூரியாயிற்று. நகரின் நெரிசலுள் அமைந்த பழைய இடம் போதாமையால், 1940ஆம் ஆண்டில் கல்லூரி சேத்துப்பட்டுக்கு மாறியது. காஞ்சிபுரத்தில் 1947ஆம் ஆண்டில் ஒரு கல்லூரி நிறுவப்பட்டது. பின்னர்ப் பெண்களுக்கான கல்லூரிகளும் இவ்வறக்கட்டளையின் கீழ்த் தோன்றின. பச்சையப்பரின் அறம் செவ்வனே நடைபெறுவதைக் கண்ட வேறு செல்வர்களும் தங்கள் அறப்பொருளை இக்காவலரிடமே ஒப்படைத்தனர். ஒரு விளக்கிலிருந்து பல விளக்குகள் ஏற்றப்படுவதைப் போல அறம் அறத்தை வளர்த்தது.

ஒரு குறையும் இங்குக் கூறத்தக்கது. தொடக்கத்தில் இக்கல்விச்சாலை இந்து மாணவர்க்கு மட்டுமே உரியதாக இருந்தது. பிற சமயத்தார்க்கு அங்கு இடமில்லை. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கும் நெடுங்காலம் அதன் கதவு திறக்கப்படவில்லை. காலப்போக்கில் அக்கட்டுகள் தளர்ந்தன. நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில் எல்லாச் சமயத்தார்க்கும் கல்லூரி பொதுவாயிற்று. அறத்தின் எல்லை விரியும்போதுதான் அறம் நிறைவடைகிறது.

அறத்தின் விளைவு

அக்கல்விச்சாலைகளில் பயின்றவர் பலர் நாட்டின் பல துறைகளிலும் புகழ் பெற்றனர். கணித மேதை இராமானுசன் குடந்தைக் கல்லூரியில் தேர்ச்சி பெறாமல், 1906ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிரப் பிற பாடங்களில் மனம் செலுத்தாமையால் இங்கும் அவர் தேர்வில் வெற்றி பெறவில்லை. ஆயினும் அவருடைய அறிவை மதித்த ஆசிரியர்கள் அங்கிருந்தனர். காஞ்சிபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணா அவ்வூர்ப் பச்சையப்பன் பள்ளியில் பயின்று, பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பட்டம் பெற்று, நாடாளும் நிலைக்கு உயர்ந்தார். தமிழறிஞர் மு. வரதராசனார் அக்கல்லூரியில் பல்லாண்டு தமிழ் கற்பித்தார். இவர்களைப் போல் பெயர் அறியப்பட்டவர் சிலர். பெயர் அறியப்படாமல், அங்குக் கற்ற கல்வியால் தம் குடும்பத்தை வறுமையிலிருந்து மீட்டவரோ எண்ணற்றவர். திருவள்ளூர், பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து சென்னைக்கு இரயிலேறிச் சென்று கல்லூரியில் படித்து வரும் இளைஞர்க்கு, அப்பக்கத்தே பிறந்த இவ்வள்ளலின் வரலாறு தனி உரிமையுடையதாகும்.

பச்சையப்பரின் வாழ்வை நோக்குமிடத்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. கொடையாளர் தம் விருப்பத்தைத் தெளிவாக எழுதி வைத்தல் வேண்டும் என்பது ஒன்று. அவர் கும்பகோணத்தில் நோய்ப்படுக்கையில் இருந்தபோது அந்த ஒரு செயலைச் செய்யாது விட்டிருந்தால், அவர் செல்வமும் அவர் காலத்துத் துபாஷிகள் பலருடைய செல்வத்தைப் போலவே சுவடின்றி மறைந்திருக்கும். எழுதி வைத்ததைக் காப்பவரும் இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. ஈந்தவர் கை ஒன்றே. காத்தவர் கைகளோ பல. ரெட்டிராயர் நிழல் தந்தார். நாராயண பிள்ளை தொழில் தந்தார். நார்ட்டன் வழக்கில் உழைத்தார். அறங்காவலர் தலைமுறை தலைமுறையாகப் பொருளைப் பேணினர். இவர்களுள் ஒருவர் தவறியிருப்பினும் சங்கிலி அறுந்திருக்கும்.

பச்சையப்பர் எண்ணியது பசித்தவர்க்கு உணவும் கோயிலுக்கு விளக்கும். அவர் எண்ணியதோடு, எண்ணாத கல்வியும் அவர் பொருளால் விளைந்தது. நல்ல நிலத்தில் இட்ட விதை, விதைத்தவன் காணாத காலத்திலும் காய்க்கும். தந்தையை அறியாமல் பிறந்து, பிறர் நிழலில் வளர்ந்து, நாற்பது வயதில் மறைந்த அவ்வள்ளல், பெற்ற உதவியைப் பன்மடங்காக்கி நாட்டுக்குத் திருப்பித் தந்தார். பொருளுடையார் அதன் பயனை உணர்வதற்கும், பொருளில்லார் உள்ளம் தளராதிருப்பதற்கும் அவருடைய வாழ்க்கை என்றும் துணை நிற்கும்.